டிசம்பரிலிருந்து பின்னோக்கி

புதன்கிழமை பயிற்சியில் மார்னியின் நெற்றியும் கோல்கீப்பரின் முழங்கையும் மோதிக்கொண்டது அணியில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை டாக்டர் வைத்த சோதனையில் அவள் தேறிவிட்டதும் தெரியும். எப்படித் தேறினாள் என்பதுதான் அம்மாவுக்குத் தெரியாது. அடிபட்டதே அம்மாவுக்குத் தெரியாது என்னும்போது மற்றதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

ஒவ்வொரு ஜூலையிலும், ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால், ஆல்டன்வேல் பெண்கள் கால்பந்து அணியில் எல்லோரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார்கள். திரையில் வார்த்தைகள் வரும், வடிவங்கள் வரும். நினைவில் வைத்து, சட்டென்று பொத்தானை அமுக்க வேண்டும். பின்னால் யாருக்காவது தலையில் அடிபட்டால் அதே சோதனையை மறுபடி வைத்து ஜூலைக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் வாரக்கணக்கில் மைதானத்துப் பக்கம் தலைகாட்ட முடியாது.

அதனால் ஜூலையிலேயே கொஞ்சம் மக்காக நடித்துவிட வேண்டும் என்பது ரக்பிக்காரர்கள் கண்டுபிடித்த தந்திரம். அடிபட்ட பிறகும் கணக்கு அப்படியே இருக்கும். மார்னியின் அப்பா டேரன் ரக்பிக்காரர். "மெதுவா அமுக்கு கண்ணு. ரெண்டு மூணு தப்பா அமுக்கிடு. எங்க பசங்க எல்லாரும் பண்றதுதான்" என்று காரில் வைத்து அவர்தான் சொல்லிக்கொடுத்தார். மார்னியும் சிரித்துக்கொண்டே செய்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முதுகெல்லாம் வியர்க்க, ஒவ்வொரு வார்த்தைக்கும் போராடினாள். முழு மூச்சாகப் போராடி வாங்கிய கணக்கும், ஜூலையில் முட்டாளாக நடித்து வாங்கிய கணக்கும் ஒன்றாக இருந்தன.

"அப்படியே இருக்க. ஒரு குறையும் இல்ல" என்று டாக்டர் லின்ஃபோர்ட் புன்னகைத்தார். அந்தப் புன்னகையைப் பார்த்ததிலிருந்து மார்னிக்குத் தூக்கம் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பதினெட்டு வயதில், முதல் டிவிஷனில், ஆட்டத்தின் முதல் நிமிடத்திலிருந்தே களமிறங்கப் போகிறாள். நடுக்களத்தில் நிலையாக ஆடும் பிரையனிக்கு முழங்கால் போய்விட்டது. அவள் இடம் மார்னிக்கு. எட்டு வயதிலிருந்து எதற்காக ஓடினாளோ அது இன்றைக்குக் கைக்கு வருகிறது.

குளியலறையில் அவள் விளக்கைப் போடவில்லை. வெளிச்சம் பட்டால் கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிப்பதுபோல் இருந்தது. இருட்டில் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, டாக்டர்கள் கேட்கும் பழைய கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்.

டிசம்பர், நவம்பர், அக்டோபர், செப்டம்பர், ஆகஸ்ட், ஜூலை. ஜூலைக்கு அப்புறம் மே வந்தது. மே இல்லை என்று தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை. மறுபடி ஆரம்பித்து ஏப்ரல் வரை வந்தாள். அங்கே வந்ததும், எதற்காக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதே ஒரு கணம் மறந்துபோனது.

தொட்டி விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மார்னி, கஞ்சி ஆறுது" என்று கீழேயிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

டேரனுக்கு நாற்பத்தெட்டு வயது. ஃபெதர்ஸ்டன் ஊர் அணிக்காக முன்வரிசையில் நின்று வருடக்கணக்காகத் தலையால் முட்டியவர். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், காது இரண்டும் கசங்கிய அப்பளம். வார நாட்களில் வீடுகளுக்குச் சுவர் பூசுகிறார். மற்ற நேரமெல்லாம் மகளுக்கு டிரைவர்.

மார்னி ஒரு கரண்டி ஓட்ஸ் கஞ்சியை வாயில் வைத்தாள். கடல் தண்ணீர் மாதிரி உப்பு.

அப்பா மறுபடி உப்பு டப்பாவைத் திறந்தார். அம்மா கெர்ரி, ஏதோ வழக்கமான வேலையைப் போல, அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"ஷின் பேட் எடுத்துக்கிட்டியா?" என்று கால் காப்பைப் பற்றிக் கேட்டார் அப்பா.

"எடுத்துக்கிட்டேன்பா."

"இன்னைக்கு உன்னைவிட உங்கப்பாவுக்குத்தான் உதறல்" என்றாள் அம்மா. ஊருக்குள் பஸ் ஓட்டுகிறவள் அவள். ஞாயிறு ஷிஃப்ட்டைக் கெஞ்சிக் கூத்தாடி மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். "நீ ஏன் கண்ணைச் சுருக்கிக்கிட்டே இருக்க?"

"தூக்கமில்லம்மா. பயம்."

"நல்லது. பயமில்லாம இறங்கினா கால் தடுக்கும்."

"ஷின் பேட் எடுத்துக்கிட்டியா?" என்றார் அப்பா.

மார்னி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அவசரமாக எழுந்து தேநீர் ஃபிளாஸ்க்கை மூடினாள். "எடுத்துக்கிட்டாளாம் டேரன். கிளம்பு, கிளம்பு."

காரில் மார்னி முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். மார்ச் மாதத் தூறல். வைப்பரின் ஒவ்வொரு அடியும் தலைக்குள் விழுந்தது. சொல்லிவிடலாமா என்று நினைப்பாள், உடனே மறுபக்கக் கணக்கு வந்து நிற்கும். சொன்னால் இன்றைய ஆட்டம் போய்விடும். ஜூலையில் செய்த தில்லுமுல்லும் வெளியே வரும். ஜூன் மாதம் ஒப்பந்தம் முடிகிறது, ஏமாற்றிய பெண்ணுக்கு எந்த கிளப் மறுபடி கையெழுத்துப் போடும்? சொல்லாவிட்டால்? அந்தப் பக்கம் நினைக்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை. இரண்டாவது அடி விழுந்தால் என்ன ஆகும் என்று மருத்துவ வகுப்பில் ஒரு படம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

"அடுத்த எக்ஸிட், டேரன்" என்றாள் பின்சீட்டிலிருந்து அம்மா.

பத்து வருடமாக அப்பா ஓட்டும் பாதை இது. அவருக்கு எதற்கு வழி சொல்ல வேண்டும் என்று மார்னி கண்ணைத் திறப்பதற்குள் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் அந்த எக்ஸிட் பின்னால் போய்விட்டது.

"அடச்சே. பேசிக்கிட்டே வந்தேன்ல, விட்டுட்டேன்" என்றார் அப்பா.

காரில் யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

"பரவாயில்ல. அடுத்ததுல இறங்கித் திரும்பிக்கலாம், நேரம் கிடக்கு" என்றாள் அம்மா. வழிதவறிய பயணிகளிடம் பஸ்ஸில் பேசும் அதே குரல். மார்னி கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உடை மாற்றும் அறையில், முப்பத்து நான்காம் எண்ணோடு 'ஹோல்ராய்ட்' என்று எழுதிய சட்டை கொக்கியில் தொங்கியது. அது மார்னியின் குடும்பப் பெயர். சந்தோஷமா பயமா என்று பிரிக்க முடியவில்லை. தொட்டுப் பார்த்தாள், புதுத் துணியின் வாசம் அடித்தது.

கோச் பலகையில் கோடு போட்டு விளக்கினார். கார்னர் கிக் வந்தால் யார் எங்கே நிற்பது, யாரை யார் பிடிப்பது. "மார்னி, நீ அவங்க உயரமான பொண்ணை விடாத. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது கோச்."

கோச் அடுத்த பெயருக்குப் போன கையோடு, எந்த உயரமான பெண் என்பது அவள் தலையிலிருந்து வழிந்துபோயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேவ் முழங்கையால் இடித்தாள். மாற்று ஆட்டக்காரி, டப்ளினிலிருந்து வந்தவள், வாய்த்துடுக்கு.

"ஏன்டி மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருக்கு? வாந்தி வந்தா அந்தப் பக்கம் எடு. என் பூட்ஸ் புதுசு."

"நான் யாரைப் பிடிக்கணும்?"

"ஒம்பதாம் நம்பரை. இப்பத்தானே சொன்னாங்க." மேவின் சிரிப்பு பாதியில் நின்றது. "மார்னி, உனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்று சட்டையைத் தலை வழியாக மாட்டிக்கொண்டாள். துணி நெற்றியில் உரசியது. அதற்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் மைதான விளக்குகளை எரியவிட்டிருந்தார்கள். யாரோ பந்தை அவள் பக்கம் தள்ளினார்கள். இரண்டு பந்துகள் வந்தன. இடதுபக்கப் பந்தை நிறுத்தக் காலை நீட்டினாள். அங்கே புல் மட்டும்தான் இருந்தது. உண்மைப் பந்து அவளைத் தாண்டி உருண்டு ஓடியது. எதிரணி ரசிகர்கள் சிலர் கேலியாகக் கூச்சல் போட்டார்கள்.

"மார்னி" என்று கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா கையாட்டினார்.

அது அவர்களுடைய வழக்கம். ரக்பி முன்வரிசைக்காரர்கள் ஆட்டத்துக்கு முன் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொள்வார்கள். எட்டு வயதில் முதல் ஆட்டத்தின்போது மார்னி பயந்து அழுதாள். அப்பா குனிந்து செல்லமாக ஒரு முட்டு கொடுத்து, "இனிமே உன்னை யாரும் தள்ள முடியாது" என்றார். அன்றிலிருந்து அந்த முட்டு வாங்காமல் அவள் எந்த ஆட்டமும் ஆடியதில்லை.

அப்பா கம்பி மேல் சாய்ந்து, அகலமான நெற்றியை முன்னே கொண்டுவந்தார்.

மார்னி தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

வேண்டுமென்று செய்யவில்லை, உடம்பே செய்துவிட்டது. அப்பா சாய்ந்த நிலையிலேயே நின்றார். சிரிப்பு மெல்ல மறைந்தது.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லப்பா."

"மார்னி."

"தலை வலிக்குதுப்பா. புதன்கிழமையிலருந்து. வெளிச்சம் ஆகல. பந்து ரெண்டா தெரியுது."

அப்பா திரும்பி இருக்கைகளைப் பார்த்தார். மேலே அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "டெஸ்ட்ல தேறிட்டியே."

"அந்த டெஸ்ட்ல எப்படித் தேறினேன்னு உனக்குத் தெரியாதாப்பா?"

அப்பா தாடையைத் தேய்த்துக்கொண்டார். பிறகு அவரே கணக்குப் போட ஆரம்பித்தார். "முதல் பாதி மட்டும் ஆடு. தலையால பந்தைத் தொடாத. அப்புறம் கால் பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லி வெளிய வந்துடு. இதை விட்டா மறுபடி எப்ப கூப்பிடுவாங்க? ஜூன்ல வேற ஒப்பந்தம் முடியுது."

காரில் வரும்போது அவள் போட்ட கணக்கேதான். தன் மனதுக்குள் இருந்தபோது நியாயமாகத் தெரிந்தது, அப்பாவின் வாயிலிருந்து கேட்கும்போது பயங்கரமாக இருந்தது.

"எனக்குப் பயமா இருக்குப்பா."

"பயம் யாருக்குத்தான் இல்ல? நான் வாங்காத அடியா? எத்தனை தடவை சேத்துல நினைவில்லாம கிடந்திருக்கேன். மூஞ்சில தண்ணிய ஊத்தி எழுப்பி விடுவாங்க, எழுந்திருச்சு ஆடுவேன்." கைகளை விரித்துக் காட்டினார். "இப்ப எனக்கு என்ன ஆயிடுச்சு?"

மார்னியின் நாக்கில் காலைக் கஞ்சியின் உப்பு மறுபடி கரித்தது. ஷின் பேட். தாண்டிப்போன எக்ஸிட். பேசிக்கிட்டே வந்தேன்ல. இதையெல்லாம் அவள் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தன் பயத்தில் மூழ்கியிருந்ததால் அடுக்கிப் பார்க்கவில்லை.

"மாசத்தைப் பின்னாலருந்து சொல்லுப்பா" என்றாள்.

"என்னது?"

"டிசம்பர்லருந்து ஜனவரி வரைக்கும். நீ சொல்லி முடிச்சிட்டா நான் ஆடுறேன்."

"இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு" என்று அப்பா சிரித்தார். பந்தயத்துக்கு அஞ்சாத மனிதர். "டிசம்பர். நவம்பர். அக்டோபர். ஆகஸ்ட்."

செப்டம்பரைத் தாண்டியது அவருக்குத் தெரியவில்லை.

"ஆகஸ்ட்... ஜூன்." நின்றார். சுண்ணாம்பு ஏறிய தடித்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார், மறுபடி விரித்தார். "ஜூன். அப்புறம் ஜனவரி. இல்ல இல்ல, இரு. டிசம்பர். நவம்பர்..."

சொல்லி முடித்துவிடுப்பா என்று மார்னி மனதுக்குள் கெஞ்சினாள். ஆட்டம், சட்டை, ஒப்பந்தம் எதுவும் அப்போது அவள் நினைவில் இல்லை. அந்த மனிதர் அடுத்த மாதத்தின் பெயரைச் சொன்னால் போதும் என்றிருந்தது.

"நவம்பர்" என்றார் அப்பா. ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தார். "இங்க ஒரே சத்தமா இருக்கு."

"போதும், டேரன்."

அம்மா எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. கையில் தேநீர்க் கோப்பை இருந்தது.

"உனக்குத் தெரியுமாம்மா?" என்றாள் மார்னி.

"கிறிஸ்துமஸ்லருந்து." அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். "உன் சீசன் முடியட்டும், அப்புறம் அப்பாவை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன். உனக்குத் தெரிஞ்சா உன் ஆட்டம் கெட்டுப்போகும்னு நினைச்சேன். நீ ஏன் பேயடிச்ச மாதிரி நிக்கிற? உனக்கு என்ன?"

மூன்று பேரும் ஒரே சட்டைக்காக ஆளாளுக்கு ஒன்றை மூடி வைத்திருந்தார்கள். முதலில் வாயைத் திறந்தது அப்பாதான். அவர் மகளின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று மைதானத்துப் பக்கம் திரும்பி, பழைய ரக்பிக் குரலில் கத்தினார். "டாக்டர். இங்க வாங்க டாக்டர்."

பாதி இருக்கைகள் திரும்பிப் பார்த்தன. டாக்டர் லின்ஃபோர்ட் பையோடு ஓடி வந்தார்.

"இவளுக்குத் தலையில அடி. பந்து ரெண்டா தெரியுதாம்" என்றார் அப்பா. "ஜூலை டெஸ்ட்ல தப்பா அமுக்கச் சொன்னது நான். இவ சின்னப் பொண்ணு, அப்பன் சொன்னதைச் செஞ்சா. யார் மேல நடவடிக்கை எடுத்தாலும் என் மேல எடுங்க."

"நானும்தான் செஞ்சேன். எனக்குத் தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்றாள் மார்னி.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கண்ணில் சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார். விரலைப் பின்தொடரச் சொன்னார். முகம் இறுகிக்கொண்டே போனது.

"சட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டு வா. மேவ் ஆடட்டும். உடனே ஸ்கேன் எடுக்கணும், ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லிடறேன்." பிறகு, மெதுவாக, "ஜூலைல இப்படிப் பண்ணது நீ மட்டும்தானா மார்னி?"

மார்னி தரையைப் பார்த்தாள். இந்தத் தந்திரத்தை அப்பா சொல்லிக்கொடுத்த அன்று, அதை மார்னி சொல்லக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள் மேவ். தானும் அப்படியே செய்யப்போவதாகச் சொன்னவளும் அவள்தான்.

"அதுக்கு நாளைக்குப் பதில் சொல்லு. ஆனா சொல்லியாகணும்" என்று டாக்டர் பையை மூடினார்.

அம்மா அப்பாவின் முன்னால் கையை நீட்டினாள். "சாவி."

"நானே ஓட்டுறேன் கெர்ரி."

"சாவியைக் கொடு, டேரன்."

அவர் கொடுத்தார். பத்து வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சாவி கைமாறுவதை மார்னி பார்த்தாள். காரை வாசலுக்குக் கொண்டுவர அம்மா தூறலில் ஓடினாள்.

சட்டையைக் கொடுத்துவிட்டு, பயிற்சி உடையின் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, மார்னி வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அணிகள் களத்தில் நின்றன. அவள் நிற்க வேண்டிய இடத்தில் மேவ் நின்று, பூட்ஸ் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தாள். விசில் ஊதியது. பந்து முதலில் மேவின் காலுக்குத்தான் வந்தது. மார்னி உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். அப்பா அவள் முழங்கால் மேல் கையை வைத்தார். அந்தக் கனமான கை இருந்தவரைக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கை சட்டென்று விலகியது. அப்பா முன்னால் சாய்ந்து, களத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்வையால் தேடினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் பதற்றம்.

"ஆட்டம் ஆரம்பிச்சாச்சு. நீ ஏன் கண்ணு இன்னும் இங்க உக்காந்திருக்க? உன் இடத்துல வேற யாரோ நிக்குது பாரு." எழுந்து அவளுக்கு நேராகக் குனிந்தார். "சீக்கிரம் இறங்கு. வா, முட்டு வாங்கிக்கோ."

நெற்றியை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

இந்த முறை மார்னி தலையை இழுத்துக்கொள்ளவில்லை. கையைத் தூக்கி அந்த நெற்றியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது.

"ஆட்டம் இல்லப்பா இன்னைக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். அம்மா காரை எடுக்கப் போயிருக்கு."

"ஆஸ்பத்திரிக்கா?" அப்பாவின் புருவம் சுருங்கியது. உண்மையான அக்கறையோடு கேட்டார். "யாருக்கு?"

வாசலில் அம்மா ஹாரன் அடித்தாள். மார்னி எழுந்து, அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம ரெண்டு பேருக்கும்பா" என்றாள்.